முதுகெலும்பு வளைவுக்கு ஆபரேஷன் வேண்டுமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பு நெளிந்து நிற்பதைப் பார்த்த பிறகு டாக்டர் சொன்ன எதுவும் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அவர் கால் மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்தபோது நினைவில் இருந்தது இரண்டே விஷயம்: "51 டிகிரி", "ஆபரேஷன்". என் மகளுக்கு அப்போது 14 வயது. அதற்குப் பிறகு நான்கு மாதம் தேடிப் படித்தோம், பலரிடம் கேட்டோம், சில இரவுகள் அழுதோம். அந்த நான்கு மாதத்தில் தெரிந்துகொண்டதை, எங்களுக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். வளைந்த முதுகெலும்புக்கான ஆபரேஷன் பெரும்பாலும் அவசர ஆபரேஷன் அல்ல. வளைவு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும். அடுத்த வாரமே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அநேகமாக இருக்காது. ஆனால் கால் வலுவிழப்பது, மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது வேறு கதை.

முதல் படி: இது எந்த வகை வளைவு?

பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொண்டும் இருக்கும் முதுகெலும்பை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பெயர். காரணம் பல. பிறக்கும்போதே எலும்பு சரியாக உருவாகாமல் இருக்கலாம். மூளை, நரம்பு, தசை நோய்களால் வரலாம். வயதான பிறகு எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற தட்டு தேய்ந்து வரலாம். ஆனால் அதிகம் பார்ப்பது 10 வயதுக்கு மேல், வளரும் பருவத்தில், காரணம் தெரியாமல் வருகிற வகை. வளரிளம் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் தேவையே படாது. பெரிய வளைவாக மாறுவது பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறவி வளைவுக்கும், தசை நோயால் வந்த வளைவுக்கும், முதுமையில் வந்த வளைவுக்கும் கணக்கு வேறு வேறு. நான் இங்கே அதிகம் பேசுவது வளரும் பருவத்து வளைவைப் பற்றி. பெரியவர்களுக்கானதைப் பின்னால் சொல்கிறேன்.

வளைவு வேகமாக ஏறுகிறது, மார்புப் பகுதி வளைவு வழக்கம்போல வலப்பக்கம் இல்லாமல் இடப்பக்கம் இருக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிற வலி இருக்கிறது, நரம்புச் சோதனையில் ஏதோ சந்தேகம், பத்து வயதுக்கு முன்பே வந்துவிட்டது என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி போன்ற ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புத்தகப் பை கனத்ததால் வரவில்லை. கோணலாக உட்கார்ந்ததால் வரவில்லை. நீங்கள் எதையோ ஊட்டாமல் விட்டதாலும் வரவில்லை. நான் பல வாரம் இந்தக் குற்ற உணர்ச்சியில் கழித்தேன். அந்த நேரத்தை மகளோடு பேசுவதில் செலவழித்திருக்கலாம்.

இரண்டாம் படி: அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டிகிரி என்று சொல்வது காப் கோணம். ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1948-ல் விவரித்த அளவு முறை. வளைவின் மேல் முனையில் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்புக்கு ஒரு கோடு, கீழ் முனையில் அதிகம் சாய்ந்திருப்பதற்கு ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம். அவ்வளவுதான்.

இந்த அளவில் சுமார் 5 டிகிரி வரை முன்னே பின்னே இருக்கும். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால்கூட வித்தியாசம் வரும். போன தடவை 41, இந்தத் தடவை 44 என்றால் ஏறிவிட்டது என்று அலறத் தேவையில்லை. ஆறு மாதத்தில் 41-லிருந்து 49 ஆனால் அது உண்மையான ஏற்றம். எனவே எல்லாப் படங்களையும் வாங்கி தேதி வாரியாக வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் தாளை மட்டும் அல்ல, படத்தையே. புது டாக்டரிடம் போகும்போது, பழைய படத்தையும் புதுப் படத்தையும் அவரே, அதே எலும்புகளை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் பேச்சு வருவதற்கு முன்பே, நாங்கள் இதைச் செய்யாமல் ஒரு வருடம் மூன்று பேர் எழுதிய மூன்று எண்களை ஒப்பிட்டுக் குழம்பினோம்.

எண் எல்லாவற்றையும் சொல்லாது. ஒரே 45 டிகிரியில் ஒரு பிள்ளைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இன்னொரு பிள்ளைக்கு விலா எலும்பு பின்னால் புடைத்துத் தெரியும், இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கும். முறுக்கம் எவ்வளவு, தலை இடுப்புக்கு நேர் மேலே நிற்கிறதா, வளைவு மேல்முதுகிலா கீழ்முதுகிலா, இவையும் கணக்கில் வரும்.

மூன்றாம் படி: வளர்ச்சி எவ்வளவு மிச்சம்?

முடிவின் முக்கால் பங்கு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இன்றைய கோணத்தைவிட அது எங்கே போய் நிற்கும் என்பதுதான் முக்கியம். வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில்தான் வளைவும் வேகமெடுக்கும்.

டாக்டர் இதை மூன்று வழியில் பார்ப்பார். ஒன்று, இடுப்பு எலும்பின் விளிம்பு எவ்வளவு எலும்பாகியிருக்கிறது என்ற ரிசர் அளவு. 0 என்றால் வளர்ச்சி நிறைய பாக்கி, 5 என்றால் முடிந்தது. இரண்டு, கை எக்ஸ்ரே. விரல் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகளைப் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். மூன்று, பெண் பிள்ளைகளுக்கு முதல் மாதவிடாய் வந்த தேதி. உச்ச வளர்ச்சி பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிடும். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் உயரம் கூடுவது நின்றுவிடும். அந்தத் தேதியைக் குறித்து வைத்திருங்கள், நிச்சயம் கேட்பார்கள்.

பொதுவாக மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு இது. 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். வளர்ச்சி பாக்கி இருக்கும் பிள்ளைக்கு 25 முதல் 40, 45 வரை என்றால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி இறுக்கமாக அணியும் தாங்கு கவசம். 45, 50-ஐத் தாண்டினால் ஆபரேஷன் பற்றிய பேச்சு. இந்த 50 எங்கிருந்து வந்தது? வளர்ச்சி முடிந்த பிறகு 30-க்குக் கீழே உள்ள வளைவு பொதுவாக ஏறுவதில்லை. 50-ஐத் தாண்டிய மார்புப் பகுதி வளைவோ வளர்ச்சி நின்ற பிறகும், சராசரியாக வருடத்துக்கு ஒரு டிகிரி அளவில் ஏறுகிறது. 16 வயதில் 52 என்றால் 40 வயதில் 75-ஐ நெருங்கலாம். அந்த வயதில் செய்யும் ஆபரேஷன் 16-ல் செய்வதைவிடக் கடினம். இதுதான் காரணம்.

சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லோருக்கும் ஏறும் என்பதில்லை. 47 டிகிரி, வளர்ச்சி முடிந்துவிட்டது, வலி இல்லை, தோற்றம் பிள்ளையை உறுத்தவில்லை என்றால், வருடத்துக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு இருப்பதும் முழுக்க நியாயமான முடிவு. 47 டிகிரியோடு 12 வயதில், மாதவிடாய் இன்னும் வராத பிள்ளை என்றால் காத்திருப்பதில் பெரிய நன்மை இல்லை. எண் ஒன்றுதான், முடிவு இரண்டு.

நான்காம் படி: வேறு வழிகளை நேர்மையாகப் பாருங்கள்

பிரேஸ் வேலை செய்கிறது. 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமலே வளர்ச்சியை முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம். ஒரு நாளில் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல். ஆனால் பிரேஸ் வளைவை ஏறாமல் தடுக்கத்தான், நிமிர்த்த அல்ல. வளர்ச்சி முடிந்த பிள்ளைக்கும், ஏற்கெனவே 50-ஐத் தாண்டிய வளைவுக்கும் அதனால் பயன் குறைவு. என் மகள் பள்ளியில் போட மறுத்தாள். இரவில் மட்டும் போட்டாள், அதுவும் பாதி நாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. அந்த வயதில் அது எவ்வளவு பெரிய சுமை என்று இப்போது புரிகிறது. உங்கள் பிள்ளை இன்னும் பிரேஸ் கட்டத்தில் இருந்தால், மணி நேரக் கணக்கு உண்மையிலேயே பலன் தரும் என்று பிள்ளையிடமே இந்த எண்களைக் காட்டுங்கள்.

ஸ்கோலியோசிஸுக்கென்றே வடிவமைத்த பயிற்சிகள் உண்டு. ஷ்ரோத் முறை அதில் பெயர் பெற்றது. தசை வலுவுக்கும், நிற்கும் விதத்துக்கும், வலிக்கும் உதவலாம். 50 டிகிரி வளைவை நேராக்காது. நேராக்கித் தருகிறேன் என்று யாராவது உறுதி கொடுத்தால், தைலமாக இருந்தாலும் எலும்பு நீவுவதாக இருந்தாலும், பணத்தைவிட உங்கள் நேரத்தை நினைத்துப் பயப்படுங்கள். வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதம் பெரிய காலம்.

ஐந்தாம் படி: செய்யாவிட்டால் என்ன ஆகும்?

டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. வயிற்றைக் கலக்கும் பதில்கள் பல திசையிலிருந்து வரும். "இதயம் நசுங்கிவிடும்", "நடக்க முடியாமல் போய்விடும்" என்று எங்களிடமும் சொன்னார்கள்.

உண்மை இதைவிட நிதானமானது. அமெரிக்காவின் அயோவாவில், சிகிச்சையே எடுக்காத ஸ்கோலியோசிஸ் உள்ளவர்களை ஏறக்குறைய 50 வருடம் தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள். அவர்கள் வேலை பார்த்தார்கள், குடும்பம் நடத்தினார்கள், ஆயுளும் மற்றவர்களைப் போலவே இருந்தது. ஆனால் நாள்பட்ட முதுகுவலி அவர்களில் 61 சதவீதம் பேருக்கு இருந்தது, வளைவு இல்லாதவர்களில் 35 சதவீதம் பேருக்கு. தங்கள் தோற்றம் பற்றிய வருத்தமும் அதிகமாக இருந்தது. நுரையீரலைப் பொறுத்தவரை, மார்புப் பகுதி வளைவு 70, 80 டிகிரியைத் தாண்டும்போதுதான் மூச்சுத் திறன் கவலைப்படும் அளவு குறைகிறது. 100-ஐத் தாண்டினால் ஆபத்து பெரிது. சிறு வயதிலேயே தொடங்கும் வளைவு இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது நுரையீரலே வளர்ந்துகொண்டிருக்கிறது.

அதாவது, பெரும்பாலான வளரிளம் பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் இன்றைய உயிரைக் காப்பாற்றுவதற்கு அல்ல, நாளைய ஏற்றத்தைத் தடுப்பதற்கு. இதைப் புரிந்துகொண்டால் முடிவு இன்னும் கடினமாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். இன்று ஓடி ஆடுகிற பிள்ளையை, இருபது வருடம் கழித்து வரக்கூடிய ஒன்றுக்காக மேஜையில் படுக்க வைக்கிறோம். அந்தத் தயக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தோற்றத்துக்காக ஆபரேஷனா என்று யாராவது கேட்டால் கூச்சப்படாதீர்கள். கண்ணாடி முன்னால் நிற்கவே மறுக்கிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் வேதனை உண்மையான வேதனை. டாக்டரிடமும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள், எதை இழக்கிறோம்?

முதுகின் நடுவே நீளமாகக் கீறி, வளைந்த பகுதியின் எலும்புகளில் ஸ்க்ரூ பொருத்தி, இரண்டு பக்கமும் உலோகக் கம்பி வைத்து, முடிந்த அளவு நிமிர்த்துவார்கள். அப்புறம் அந்த எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாக வளர, எலும்புத் துகள்களை மேலே பரப்புவார்கள். கம்பி தற்காலிகச் சாரம் போல. நிரந்தரமாகத் தாங்குவது ஒட்டி வளரும் எலும்புதான். பெரும்பாலும் கம்பியை வெளியே எடுப்பதில்லை. ஆபரேஷன் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். அந்த நேரம் முழுக்கத் தண்டுவடம் சமிக்ஞை அனுப்புகிறதா என்று மின்முனைகள் வைத்துக் கண்காணிப்பார்கள்.

பெரியவர்கள் யாராவது மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த கதையைச் சொல்வார்கள். அது பால் ஹாரிங்டன் 1960-களில் பரப்பிய கம்பிக் காலத்துக் கதை. அந்த ஒற்றைக் கம்பி கீழ்முதுகின் இயல்பான குழிவைத் தட்டையாக்கி, பிற்காலத்தில் பலருக்குச் சிரமம் கொடுத்தது. இன்றைய ஸ்க்ரூ முறை வேறு. பெரும்பாலான பிள்ளைகள் ஆபரேஷனுக்கு மறுநாளே எழுந்து நிற்கிறார்கள்.

முழுக்க நேராகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோணத்தில் பாதிக்கு மேல் குறைவது வழக்கம். சில சென்டிமீட்டர் உயரம் கூடும். ஈடாகக் கொடுப்பது அசைவை. மேல்முதுகு மட்டும் ஒட்டப்பட்டால் அன்றாட வாழ்வில் பெரிதாகத் தெரியாது, அந்தப் பகுதி ஏற்கெனவே விலா எலும்புகளால் கட்டுண்டதுதான். கீழ்முதுகுக்குள் இறங்க இறங்கத்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே "எந்த எலும்பில் நிறுத்துவீர்கள்?" என்பது நீங்கள் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி. கீழ்முதுகு எலும்புகளை மேலிருந்து கீழாக எல்1, எல்2 என்று எண்ணுவார்கள்; எல்1-ல் நிற்பதும் எல்4-ல் நிற்பதும் ஒரே ஆபரேஷன் அல்ல. நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல் என்று பிள்ளைக்கு உயிரான ஒன்று இருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். காத்திருந்து வளைவு ஏறினால் இன்னும் கீழே வரை ஒட்ட வேண்டி வருமா என்றும் கேளுங்கள். எங்கள் முடிவைத் திருப்பியது இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான்.

எலும்பை ஒட்டாமல், ஒரு பக்கம் மட்டும் நாண் கட்டி வளர்ச்சியை வழிநடத்தும் முறை ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 2019-ல் அதற்கு வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைத்தது. வளர்ச்சி பாக்கி உள்ள சிலருக்கு மட்டும்தான் பொருந்தும். நாண் அறுவதும், மறு ஆபரேஷனும் எலும்பு ஒட்டும் முறையைவிட அதிகம். பத்து வயதுக்குக் கீழே என்றால் எலும்பை ஒட்டிவிட்டால் மார்புக்கூடு வளராது என்பதால், நீளக்கூடிய கம்பிகள் வைப்பார்கள். அது பல வருடப் பயணம், தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஏழாம் படி: ஆபத்தை எண்ணாகக் கேளுங்கள்

"பயப்படாதீங்க" என்பது பதில் இல்லை. எல்லோரும் முதலில் பயப்படுவது கால் செயலிழப்பதற்கு. காரணம் தெரியாத வளரிளம் வகையில், நரம்புச் சேதம் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதிலும் பல தற்காலிகமானவை. ஆனால் பூஜ்யம் இல்லை. தொற்று, ரத்த இழப்பு, ஸ்க்ரூ தவறான இடத்தில் அமர்வது, எலும்பு ஒட்டாமல் கம்பி உடைவது, பின்னாளில் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவது ஆகியவையும் பட்டியலில் உண்டு. தசை, நரம்பு நோயால் வந்த வளைவில் இந்த ஆபத்துகள் எல்லாமே கூடும்.

டாக்டரிடம் இப்படிக் கேட்கலாம்: என் பிள்ளை போன்ற வளைவில் வருடத்துக்கு எத்தனை ஆபரேஷன் செய்கிறீர்கள்? உங்களிடம் எத்தனை பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது? தண்டுவடக் கண்காணிப்பு ஒவ்வொரு ஆபரேஷனிலும் உண்டா? கண்காணிப்பில் சமிக்ஞை விழுந்தால் என்ன செய்வீர்கள்? நல்ல அறுவை நிபுணர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். நாங்கள் பார்த்த ஒருவர் சுளித்தார். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டோம். இரண்டாவது கருத்து கேட்பது அவமரியாதை இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்தில் அதுதான் முறை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் குழம்பாதீர்கள். கோணத்தில் வேறுபடுகிறார்களா, வளர்ச்சிக் கணக்கிலா, ஒட்டும் எல்லையிலா என்று பிரித்துக் கேளுங்கள். வேறுபாடு பெரும்பாலும் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும்.

எட்டாம் படி: யாருடைய முதுகு?

கையெழுத்து பெற்றோருடையது, முதுகு பிள்ளையுடையது. பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் குசுகுசுப்பது நாங்கள் செய்த தவறு. ஒருநாள் அவளே, "எனக்குப் பயம் ஆபரேஷன் இல்லப்பா, நீங்க மறைக்கிறதுதான்" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு படமும் அவள் கையில். கேள்வித் தாளையும் அவளே எழுதினாள். நாங்கள் ஒருபோதும் யோசிக்காத கேள்விகள் அதில் இருந்தன: தழும்பு எவ்வளவு நீளம், கழிப்பறைக்கு யார் கூட வருவார்கள், பின்னாளில் குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா. (முடியும். பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது மட்டும் கடினமாகலாம் என்பதால் மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.) பிள்ளை உறுதியாக வேண்டாம் என்றால், வளைவு அனுமதிக்கும் வரை ஆறு மாதம் தள்ளிப்போட்டுப் பேசுங்கள்.

ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவரையாவது சந்திக்க வையுங்கள். டாக்டரிடமே கேட்டால் ஏற்பாடு செய்து தருவார். செய்து ஒரு மாதம் ஆனவரையும் இரண்டு வருடம் ஆனவரையும் பார்த்தால் படம் முழுதாகும்.

செய்வதென்று முடிவானால்

தேதியைப் பள்ளி விடுமுறையோடு பொருத்துங்கள். மருத்துவமனையில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள், பள்ளிக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு வாரம், மோதல் நிறைந்த விளையாட்டுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் முன்பே சரிசெய்ய வேண்டும். புகையிலை எந்த வடிவத்திலும் கூடாது, நிகோட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். முதல் மூன்று நாள் வலி கடுமை. இதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். இரண்டாம் நாள் வலியைவிட மலச்சிக்கல் பெரிய எதிரியாக இருந்தது எங்களுக்கு. வலி மருந்தோடு அதற்கான மருந்தையும் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மனச்சோர்வு வரலாம். எல்லாம் முடிந்துவிட்டதே, ஏன் அழுகிறாய் என்று கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

பெரியவர்களுக்கு

நாற்பது, ஐம்பது, அறுபதுக்கு மேல் முடிவெடுப்பவர்களுக்குக் கோணம் இரண்டாம் பட்சம். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, கால் வலி நரம்பு அழுத்தத்தால் வருகிறதா, நிமிர்ந்து நிற்க முடியாமல் முன்னால் சாய்கிறீர்களா, இவைதான் கேள்வி. இந்த வயதில் ஆபரேஷன் பெரிது, சிக்கல்கள் பிள்ளைகளைவிடப் பல மடங்கு, தேறி வரவே ஒரு வருடம் போகலாம். எலும்பு அடர்த்திச் சோதனை முதலில் எடுங்கள், பலவீன எலும்பில் ஸ்க்ரூ நிற்காது. பயிற்சி, மருந்து, ஊசி என்று எல்லாம் முறையாகப் பார்த்தீர்களா என்று உங்களையே கேளுங்கள். பார்த்தும் வாழ்க்கை சுருங்கிக்கொண்டே போகிறது என்றால் ஆபரேஷன் பலருக்கு உண்மையாகவே உதவுகிறது. நரம்பு அழுத்தத்தை மட்டும் நீக்கும் சிறிய ஆபரேஷன் போதுமா, முழு வளைவையும் திருத்த வேண்டுமா என்று கேட்க மறக்காதீர்கள்.

வேண்டாம் என்று முடிவானால்

அதுவும் ஒரு திட்டத்தோடு இருக்கட்டும். வளரும் பிள்ளைக்கு நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம். வளர்ச்சி முடிந்து வளைவு 40-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை, பின்னர் சில வருடங்களுக்கு ஒரு முறை. படம் எடுக்கும்போது முதுகுப்பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், மார்பில் விழும் கதிர்வீச்சு குறையும். எத்தனை டிகிரி ஏறினால் மறுபடி இந்தப் பேச்சை எடுப்போம் என்று இன்றே டாக்டரோடும் பிள்ளையோடும் ஒரு எண்ணைப் பேசி, முதல் எக்ஸ்ரே உறையின் மேல் தேதி போட்டு எழுதி வையுங்கள்.